பெருந்தொற்றுக் காலத்தில் கேஷுவாலிட்டியையும் ஓபியையும் மாற்றியமைப்பது எப்படி: சிறிய மருத்துவமனைகளுக்கான முழுமையான வழிகாட்டி

20 முதல் 50 படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, இரண்டு மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக் ஆகியவற்றுக்காக எழுதப்பட்டது இது. காற்றில் பரவும் காய்ச்சல் ஊரெங்கும் பரவும்போது அன்றாட வேலையை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2020, 2021 கொரோனா அலைகளில் இருந்து வருகின்றன.

வரிசைதான் இங்கே முக்கியம். புதிதாகப் பொறுப்பேற்பவர்களில் பலர் பிபிஇ கிட்டும் கிருமிநாசினியும் வாங்குவதில் தொடங்குகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் ஒரே பெஞ்சில், ஒரே மூடிய ஹாலில் உட்கார்ந்திருந்தால் எத்தனை கிட் வாங்கினாலும் தொற்று நிற்காது. முதலில் காற்று, அடுத்து வாசல், பிறகு ஆட்கள். கிட் அதற்குப் பிறகு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டடத்தின் கைவரைபடம் ஒன்று. கதவு, ஜன்னல், கழிப்பறை, எக்ஸ்ரே அறை, மருந்தகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேனாவால் வரைந்தாலே போதும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் குறைந்தது மூன்று, அவற்றுக்கு உதிரி பேட்டரி, நொடி முள் உள்ள கடிகாரம், நோயாளிகளுக்குக் கொடுக்க மூன்றடுக்கு மாஸ்க், கைகளுக்கு ஆல்கஹால் திரவம், தரையில் ஒட்ட இரண்டு நிற டேப், தடித்த நோட்டு ஒன்று. ஆக்ஸிமீட்டர் ஏன் மூன்று என்றால், வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் சரிபார்க்க ஒன்று.

தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 108, 104, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் படுக்கை விவரம் சொல்பவர், ஆக்ஸிஜன் தருபவர், அவர் கைவிட்டால் தரக்கூடிய இரண்டாமவர், உயிரி மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டிக்காரர். இரவு 2 மணிக்கு யாருடைய செல்போனிலோ தேடிக்கொண்டிருக்க முடியாது.

சிலிண்டர் திறக்கும் சாவியைக் கயிற்றில் கட்டிச் சிலிண்டர் ட்ராலியிலேயே தொங்கவிடுங்கள். சிலிண்டர் நிறைந்திருந்தும் சாவி யாருடைய மேஜை டிராயரிலோ கிடப்பதால் வீணாகும் நிமிடங்கள் மிகப் பெரியவை.

1. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள்

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காய்ச்சல் நோயாளிகளை வைக்க நினைக்கும் அறையின் கதவருகே பிடியுங்கள். ஆக்ஸிஜன் எதுவும் அங்கே வருவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். புகை அறைக்குள் போனால் நல்லது. அறையிலிருந்து ஹாலுக்கு வந்தால் அந்த அறை வேண்டாம், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி புதுக் காற்று தருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. கூரை மின்விசிறியும் அப்படித்தான், காற்றைக் கலக்குமே தவிர வெளியே தள்ளாது. காய்ச்சல் பக்கத்தில் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறப்பதுதான் நம் ஊர்க் கட்டடங்களில் மிக மலிவான, மிக வலுவான தடுப்பு. ஜன்னலை நம்பும் அறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக் காற்று. மூச்சுக்குழாய் செலுத்துவது போன்ற வேலை நடக்கும் இடத்தில் 160 லிட்டர்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும் கணக்கு எளிது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 34 கனமீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டுமானால் 34 × 12 = 408 கனமீட்டர். பெட்டியில் அச்சிட்ட எண்ணை முழுவதும் நம்ப வேண்டாம். வலை, தூசி, குழாய் வளைவு எல்லாம் அதைக் குறைக்கும், ஒரு படி பெரிய ஃபேனே வாங்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஃபேனைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டுவது. ஜன்னலில் நுழையும் காற்றை ஃபேன் அப்படியே வெளியே இழுத்துவிடும், நோயாளி படுத்திருக்கும் மூலையில் ஒன்றும் அசையாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து, நோயாளியைக் கடந்து, எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். வெளியேறும் இடத்தில் டீக்கடையோ காத்திருக்கும் சொந்தக்காரர்களோ இருக்கக் கூடாது.

2. இரண்டு பாதைகள், கழிப்பறை உட்பட

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை. வரைபடத்தில் இரண்டையும் இரண்டு நிறத்தில் வரையுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்கள்தான் தொற்று பரவும் இடங்கள்.

கதவை இரண்டாக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது பெரிய தவறு. வேறு வேறு கதவில் வந்தவர்கள் கடைசியில் ஒரே பில் கவுன்டரில், ஒரே மருந்தக வரிசையில், ஒரே கழிப்பறையில் சந்தித்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் ஓபியிலேயே பாராசிட்டமால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போன்ற வழக்கமான மருந்துகளை முன்கூட்டியே கவரில் போட்டு வைத்துக் கொடுத்துவிடுங்கள். பணமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு கழிப்பறையை அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

காய்ச்சல்காரர்கள் காத்திருக்க, முடிந்தால் கட்டடத்துக்கு வெளியே பந்தல். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் பயந்து தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிவிட்டால் அதுவும் மூடிய அறையாகிவிடும். கூரை மட்டும் போதும். நாற்காலிகளுக்கு இடையே ஆறடி விட்டு டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் அரை மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

எக்ஸ்ரேவுக்குத் தனி அறை கிடைக்காது. அங்கே இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்க வேண்டும். காலையில் மற்றவர்களுக்கு எடுத்து முடித்துவிட்டு, காய்ச்சல்காரர்களை மதியத்துக்கு மேல் அனுப்புங்கள். அவசரமாக இடையில் எடுத்தே ஆக வேண்டியிருந்தால், துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே அடுத்தவர்.

3. வாசலில் பிரித்தல்: ஆபத்து முதலில், காய்ச்சல் பிறகு

வாசல் மேஜைக்கு அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் வேண்டும். செக்யூரிட்டியிடம் தெர்மல் கன்னைக் கொடுத்து நிற்கவைப்பது பிரித்தல் ஆகாது. வருகிறவர்களில் யார் அடுத்த பத்து நிமிடத்தில் மயங்கி விழப்போகிறார் என்று கண்டுபிடிக்கும் இடம் அது. உங்களிடம் இருக்கும் ஆட்களில் சிறந்தவரை அங்கே வையுங்கள். உள்ளே ஆள் குறைகிறது என்று தோன்றினாலும் வையுங்கள்.

கேள்விகளின் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் உயிர் ஆபத்து: "மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா? வலிப்பு வந்துச்சா? ஒரு பக்கம் கை கால் இழுக்குதா? ரத்தம் போகுதா? பாம்பு கடிச்சுதா? பிரசவ வலியா?" ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சிவப்பு, நேராக உள்ளே. காய்ச்சல் கேள்விகள் ட்ராலியோடு நடந்துகொண்டே கேட்க வேண்டியவை. தமிழக அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கான 'டேய்' (TAEI) திட்டத்தில் வந்த சிவப்பு, மஞ்சள், பச்சை முறை ஊழியர்கள் பலருக்கும் பழகியது. அதையே வைத்துக்கொள்ளுங்கள், புதிய நிறங்கள் வேண்டாம்.

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு: "அம்மா, காய்ச்சல் எத்தனை நாளா? இருமல், தொண்டை வலி? வீட்ல வேற யாருக்காவது? காலையில காய்ச்சல் மாத்திரை ஏதும் போட்டீங்களா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவரின் நெற்றியில் சூடு இருக்காது. தெர்மல் கன் சரி என்று காட்டியதாலேயே ஒருவரைப் பொது ஹாலுக்கு அனுப்பக் கூடாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு அது நேர்மாறாகவும் பொய் சொல்லும். நிழலில் ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு பாருங்கள்.

ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் இரண்டு மூன்று கூடக் குறைய வரும், அந்த இரண்டு மூன்றில்தான் முடிவு மாறுகிறது. எண்ணுவதை நோயாளி அறிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

4. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) எண்ணைச் சரியாக எடுங்கள்

நோயாளி ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஆக்ஸிமீட்டரை நடுவிரலில் அல்லது ஆட்காட்டி விரலில் மாட்டுங்கள். நகப்பாலிஷும் கருமருதாணியும் இல்லாத விரலாகப் பாருங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மாட்டியவுடன் தோன்றும் எண் எதற்கும் உதவாது. எண் நிலைபெற்று அரை நிமிடமாவது அப்படியே நின்ற பிறகு எழுதுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பு கையில் எண்ணியதோடு ஒத்துப்போகவில்லை என்றால் சாச்சுரேஷன் எண்ணையும் நம்பாதீர்கள். தோல் கருத்தவர்களுக்கு இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பது 2020 இறுதியில் ஆய்வுகளில் தெளிவானது. நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். ஆகவே 94ஐப் பார்த்து ஆறுதல் அடைவதற்கு முன் மூச்சு எண்ணிக்கையையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கொரோனா காலத்தில் நாட்டில் பின்பற்றிய எல்லைகள் இவை. வெளிக்காற்றில் (ஆக்ஸிஜன் கொடுக்காமல்) 94 அல்லது அதற்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 24க்குக் கீழ் என்றால் லேசான நோய். 90 முதல் 93 வரை அல்லது மூச்சு 24 முதல் 30 வரை என்றால் நடுத்தரம், படுக்கை வேண்டும். 90க்குக் கீழ் அல்லது மூச்சு 30க்கு மேல் என்றால் கடுமை.

மூச்சு முட்டாமலே சாச்சுரேஷன் இறங்கியிருப்பதுதான் இந்த நோயில் எல்லோரையும் ஏமாற்றியது. உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுபவரை ஆறு நிமிடம் சமதரையில் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 60 வயதுக்கு மேல் என்றால் மூன்று நிமிடம் போதும். 93க்குக் கீழ் இறங்கினாலோ, 3 புள்ளிக்கு மேல் குறைந்தாலோ வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஏற்கனவே 94க்குக் கீழ் இருப்பவரையும் தள்ளாடுபவரையும் நடக்கவைக்க வேண்டாம்.

5. மற்ற அவசரங்கள் காத்திருக்கக் கூடாது

பெருந்தொற்றில் இறப்பவர்கள் எல்லோரும் தொற்றால் இறப்பதில்லை. ரிசல்ட் வரட்டும் என்று வராந்தாவில் நிறுத்தப்பட்ட மாரடைப்பும் பக்கவாதமும் பிரசவமும் அந்தக் கணக்கில் உண்டு. எந்தக் கேஷுவாலிட்டியும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே, தொற்று தெரியாதவர்களுக்கு என்று ஓர் அறை வையுங்கள். அங்கே வேலை செய்பவர் முழுப் பாதுகாப்போடு இருப்பார், எல்லோரையும் தொற்று உள்ளவராகவே நடத்துவார், ஆகவே பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நெஞ்சுவலி என்றால் பத்து நிமிடத்துக்குள் இசிஜி. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் உண்டு, அதில் ஒரு மணி நேரத்தை வாசலில் தின்னக் கூடாது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, டயாலிசிஸ் தவறியவர் எல்லோருக்கும் இதே வழி.

எல்லாக் காய்ச்சலையும் ஒரே காய்ச்சலாக நினைப்பது அடுத்த பொறி. மழைக்காலத்தில் டெங்கு வரும், எலிக்காய்ச்சல் வரும். கொரோனா விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது என்பதற்காகப் பிளேட்லெட்டும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்காமல் விடாதீர்கள், ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். நெகட்டிவ் வந்தாலும் அறிகுறி இருந்தால் ஆர்டி-பிசிஆர் வரும்வரை பாதையை மாற்றாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைக் காசநோய்க்கு அனுப்புங்கள்.

6. ஆட்களைப் பிரித்தல்

ஊழியர்களை இரண்டு அணியாக்குங்கள். ஓர் அணியில் இருப்பவர் மற்ற அணியின் ஷிஃப்டில் வரக் கூடாது. ஒருவருக்குத் தொற்று வந்தால் ஓர் அணியோடு நிற்க வேண்டும், மருத்துவமனையே மூடக் கூடாது. லேப் டெக்னீஷியனும் லிஃப்ட் ஆபரேட்டரும் துப்புரவுப் பணியாளரும் இந்தப் பிரிவினைக்குள் வர வேண்டும். டாக்டர்களையும் நர்ஸ்களையும் மட்டும் பிரித்துவிட்டு, ஒரே துப்புரவு அக்கா எல்லா வார்டுக்கும் போய்வருவதை அனுமதித்தால் அணிகள் பேருக்குத்தான்.

கிட் போட்டுக்கொண்டு வேலை செய்யும் நேரம் நான்கு மணி, மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் வியர்வையில் மாஸ்க் நனைந்துவிடும், கண்ணாடி மங்கிவிடும், ஊசி போடும் கை தடுமாறும். போட்டுக்கொள்வதற்கு முன் தண்ணீரும் சாப்பாடும் கழிப்பறையும் முடிந்திருக்க வேண்டும்.

ஊழியர்களுக்குத் தொற்று வார்டில் மட்டும் வருவதில்லை, டீ நேரத்திலும் வருகிறது. வார்டில் அத்தனை கவனமாக இருந்தவர்கள் சின்ன அறையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடும் இடத்தை மொட்டைமாடிக்கோ மரத்தடிக்கோ மாற்றுங்கள், இருவர் இருவராக அனுப்புங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

7. கிட்: போடுவதைவிடக் கழற்றுவதில் கவனம்

போடும் வரிசை: கை சுத்தம், ஷூ கவர், உள் கையுறை, கவரால் (உடல் முழுக்க மறைக்கும் உடை), என்95, கண்ணாடி, தலை ஹூட், வெளிக் கையுறை. வெளிக் கையுறை கவராலின் மணிக்கட்டு மேல் ஏறியிருக்க வேண்டும்.

என்95 போட்டதும் இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டு பலமாக மூச்சை விடுங்கள். மூக்கோரம் காற்று கண்ணில் பட்டால் உலோகப் பட்டையை இரண்டு கையாலும் சமமாக அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து இடைவெளி விழும். தாடி இருந்தால் எந்த என்95உம் ஒட்டாது. வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம், அது போட்டிருப்பவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடுகிறது.

கழற்றும் வரிசை: வெளிக் கையுறை, ஷூ கவர், கை சுத்தம். ஹூட்டை எடுத்துவிட்டு, கண்ணாடியைத் தலைக்குப் பின்னாலிருந்து தூக்கி எடுத்து மறுபடி கை சுத்தம். கவராலை உள்புறம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி இறக்க வேண்டும். பிறகு உள் கையுறை, மறுபடி கை சுத்தம். அறையை விட்டு வெளியே வந்த பிறகே என்95. கீழ் நாடா முதலில், மேல் நாடா பிறகு, முன்பக்கம் தொடக் கூடாது. கடைசியில் சோப்புப் போட்டு 40 நொடியாவது கை கழுவ வேண்டும்.

களைத்துப்போய் வருபவர் படிகளைத் தாண்டிவிடுவார். ஆகவே கழற்றும் இடத்தில் ஒருவர் தள்ளி நின்று படிகளை உரக்கச் சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்றால் ஆளுயரக் கண்ணாடியும், படிகளைப் பெரிய எழுத்தில் எழுதிய தாளும்.

என்95 தட்டுப்பாடு வந்தால் ஒருவருக்கு ஐந்து கொடுத்து, காகித உறையில் பெயரும் எண்ணும் எழுதி, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். துவைக்கவோ சானிடைசர் தெளிக்கவோ கூடாது. வடிகட்டும் அடுக்கில் உள்ள மின்னேற்றம் போய்விடும், பார்க்க மாஸ்க் அப்படியேதான் இருக்கும்.

8. ஆக்ஸிஜன் கணக்கு

2021 ஏப்ரல், மே மாதங்களில் படுக்கைக்கு முன்னால் தீர்ந்தது ஆக்ஸிஜன். கணக்கு தெரிந்தவர் ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.

பெரிய 'டி' வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். ட்ராலியில் தள்ளும் 'பி' வகையில் சுமார் 1,500 லிட்டர். பாதி தீர்ந்த சிலிண்டருக்கு கேஜில் காட்டும் அழுத்தத்தை (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) பெருக்குங்கள்: 'டி' என்றால் 46ஆல், 'பி' என்றால் 10ஆல். 'பி' சிலிண்டரில் முள் 60இல் நின்றால் 600 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் நோயாளிக்கு அது ஒரு மணி நேரம் மட்டுமே.

பத்துப் படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 5 லிட்டர், மூவருக்கு 10 லிட்டர், ஒருவருக்கு 15 லிட்டர். மொத்தம் நிமிடத்துக்கு 75. ஒரு நாளுக்கு 1,08,000 லிட்டர், அதாவது 'டி' சிலிண்டர் பதினாறு. ஹை ஃப்ளோ கருவி (மூக்கு வழியாக மிக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்துவது) ஒன்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்ஸிஜனில் ஓட்டினால் அது மட்டும் நாளுக்கு 86,400 லிட்டர் குடிக்கும், பன்னிரண்டு சிலிண்டருக்கு மேல். சிலிண்டரை நம்பி இயங்கும் சின்ன மருத்துவமனை அந்தக் கருவியை வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அது தேவைப்படும் நோயாளியை முன்கூட்டியே ரெஃபர் செய்ய வேண்டும்.

எந்த நேரமும் இரண்டு நாள் இருப்பு. பாதிக்குக் குறைந்தவுடன் ஆர்டர், கடைசிச் சிலிண்டரைத் தொட்ட பிறகு இல்லை. வெற்று, நிறைந்தது, ஓடிக்கொண்டிருப்பது என்று கழுத்தில் அட்டை தொங்கவிடுங்கள். வெற்றுச் சிலிண்டரை நிறைந்தது என்று நினைத்து இழுத்து வந்து மாட்டுவது இரவு ஷிஃப்டில் நடக்கும் விபத்து.

வீணாவதை நிறுத்துவது புதுச் சிலிண்டர் வாங்குவதற்குச் சமம். இலக்கு 92 முதல் 96. புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு 88 முதல் 92. 99 காட்டுபவருக்கு 10 லிட்டர் ஓடுவது, பக்கத்துப் படுக்கைக்காரரின் மூச்சை எடுத்து வீசுவது. ஒவ்வொரு ரவுண்டிலும் ஃப்ளோமீட்டரை ஒரு லிட்டர் குறைத்துப் பாருங்கள். சாப்பிடவும் கழிப்பறைக்கும் எழுந்தவரின் குழாய் திறந்தே கிடக்கிறதா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். இணைப்புகளில் சோப்புநீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, தீப்பிடிக்கும்.

மாஸ்க்கும் ஓட்டமும் பொருந்த வேண்டும். மூக்குக் குழாய்க்கு 5 லிட்டர் வரை. சாதா மாஸ்க்குக்கு 5 முதல் 10 வரை, 5க்குக் கீழ் வைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15. பை சுருங்கிக் கிடந்தால் அந்த மாஸ்க் வேலை செய்யவில்லை என்று பொருள். ஈரப்பதக் குப்பியில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஸ்டெரைல் வாட்டர் ஊற்றித் தினமும் மாற்றுங்கள்.

விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது பணமில்லாத மருந்து. கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே முன்னங்காலுக்கு அடியில் இரண்டு. அரை மணி முதல் இரண்டு மணி வரை, பிறகு பக்கவாட்டில். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். படுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

9. காற்றில் துளிகளைக் கிளப்பும் வேலைகள்

பொது வார்டில் நெபுலைசர் வேண்டாம். ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) போதும்: சால்புட்டமால் 4 முதல் 10 முறை, ஒவ்வொன்றாக, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, முதல் ஒரு மணி நேரம். ஸ்பேசர் ஒருவருக்கு ஒன்று. பங்கு போட்டால் பயனே போய்விடும்.

மூச்சுக்குழாய் செலுத்துவதென்றால் இருப்பவர்களில் அதிகம் கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டும், அறையில் மூவருக்கு மேல் கூடாது. மருந்துகள் சிரிஞ்சில் ஏற்றி வெளியிலேயே தயாராக வேண்டும். ஆம்பு பைக்கும் (கையால் அழுத்தி மூச்சு கொடுப்பது) மாஸ்க்குக்கும் நடுவே வைரஸ் ஃபில்டர் மாட்டுங்கள். முடிந்த பிறகு அறையைக் காலியாக விடுங்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் 99 சதவீதம் சுத்தமாக 23 நிமிடம், 6 முறை மாறினால் 46 நிமிடம். உங்கள் அறை எது என்று முதல் படியிலேயே கணக்கிட்டிருப்பீர்கள்.

நெஞ்சை அழுத்திப் பிழைக்கவைக்கும் நேரத்திலும் முதலில் என்95உம் கண்ணாடியும். அந்த அரை நிமிடம் கொடுமையாகத் தோன்றும். அதைக் குறைக்க வழி, ட்ராலியிலேயே இரண்டு செட் திறந்து வைத்திருப்பது.

10. ஸ்டீராய்டு எப்போது, எப்போது கூடாது

டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 10 நாள். கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்படுபவருக்கு மட்டும். 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வில் இந்த மருந்து ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களிடம் இறப்பைக் குறைத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் காட்டவில்லை. காய்ச்சலின் இரண்டாம் நாளே மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியவர்களையும், சர்க்கரை பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை வார்டுகளில் பார்த்தோம். தொடங்கும் முன் சர்க்கரை, பிறகு நாளுக்கு நான்கு முறை. முகத்தில் ஒரு பக்கம் வலி, கண் வீக்கம், மூக்கில் கருப்புச் சளி என்றால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்.

11. சுத்தம், கழிவு

தரையையும் பரப்புகளையும் துடைக்கும் ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு, 33 சதவீத குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம், 25 சதவீதம் என்றால் 40 கிராம். ஐந்து சதவீத ஹைப்போ திரவம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். ஷிஃப்டுக்கு ஒரு முறை புதிதாகக் கரையுங்கள். திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும். முதலில் சோப்புநீரால் அழுக்கை எடுத்துவிட்டுப் பிறகு பூசி, பத்து நிமிடமாவது ஈரமாக விடுங்கள். மானிட்டர், ஃப்ளோமீட்டர், ஸ்டெதஸ்கோப் போன்றவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால். ப்ளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மனிதர் மேல் எதையும் தெளிக்காதீர்கள், அதனால் கண்ணும் நுரையீரலும் புண்ணாகுமே தவிர வேறு பயனில்லை.

மாஸ்க், தலையுறை, ஷூ கவர், துணி வகைக் கவரால் மஞ்சள் பையில், இரட்டையாக. கண்ணாடி, முகத்தடுப்பு, நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் கவரால் சிவப்புப் பையில்.

12. ரெஃபர் செய்வதும் குடும்பத்தாரிடம் சொல்வதும்

போன் செய்து படுக்கை உறுதியான பிறகே வண்டி நகர வேண்டும். 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதும், அதற்காக அங்கே 'ஜீரோ டிலே வார்டு' திறக்க நேர்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாசலில் நிற்கும் நேரமும் ஆக்ஸிஜன் கணக்கில் சேரும். இரண்டு மணி நேரப் பயணம், 10 லிட்டர் ஓட்டம் என்றால் 1,200 லிட்டர். அதோடு பாதி சேர்த்தால் 1,800. ஒரு 'பி' சிலிண்டர் போதாது, இரண்டு வேண்டும், சாவியோடு.

கடிதத்தில் எந்த நாள் அறிகுறி தொடங்கியது, வெளிக்காற்றில் எவ்வளவு, ஆக்ஸிஜனில் எவ்வளவு, ஸ்டீராய்டு எப்போது தொடங்கியது, சர்க்கரை எவ்வளவு, வழக்கமாக என்ன மாத்திரை என்று இருக்க வேண்டும். "மூச்சுத்திணறல், மேல்சிகிச்சைக்கு" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது அங்கே இருப்பவரின் முதல் அரை மணியைத் திருடுகிறது.

உள்ளே விட முடியாத குடும்பத்துக்கு ஒரு நேரம் சொல்லி, அந்த நேரத்தில் தவறாமல் போன் செய்யுங்கள். மாலை 4 மணி என்றால் 4 மணி, சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும். ஒருவரிடமே சொல்லுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். "ஐயா, அம்மாவுக்கு நேத்து எட்டு லிட்டர் போச்சு, இன்னைக்கு ஆறு. இட்லி ரெண்டு சாப்பிட்டாங்க" என்பது, "நிலைமை ஸ்டேபிள்" என்பதைவிட அவர்களுக்குப் புரியும். செய்தி இல்லாத குடும்பம்தான் வாசலில் கூடும், கூட்டமும் தொற்றும் அங்கேதான் மறுபடி தொடங்கும்.

13. அலை தணிந்த பிறகு எதை முதலில் எடுப்பது

மாட்டிய வரிசைக்கு நேரெதிராகக் கழற்றுங்கள். முதலில் கவரால் போகும், மாஸ்க் இருக்கும். பிறகு அணிப் பிரிவு. வாசல் மேஜையும் காய்ச்சல் பாதையும் கடைசி வரை, முடிந்தால் நிரந்தரமாக. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றவே வேண்டாம், சாதாரண நாளிலும் அந்த அறையில் காசநோய் நோயாளி இருமுவார்.

மிச்சமுள்ள சிலிண்டர்களைத் திருப்பித் தருவதற்கு முன் ரப்பர் வாஷர்களையும் சாவிகளையும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கும் கருவி) இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். ஓட்டாமல் மூலையில் கிடந்தால் உள்ளே இருக்கும் சியோலைட் (நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் துகள்கள்) ஈரம் பிடித்து, அடுத்த முறை போடும்போது காற்று வரும், ஆக்ஸிஜன் வராது. ஓட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.